சுவரே கதவாகும் வீடு

சுவர் திறந்ததுங்க! கதவு இல்லை, அலமாரி இல்லை, சுவர்! வரிசை வரிசையாகப் படம் மாட்டிய முழுச் சுவரை, அங்கே காவலுக்கு நின்ற பெரியவர் ஓரத்தில் பிடித்துச் சாவதானமாக இழுக்கிறார், அது பாட்டுக்கு நம்மை நோக்கி வருகிறது, உள்ளே பார்த்தால் இன்னொரு சுவர், அதிலும் படங்கள், திறந்து வந்த சுவரின் முதுகிலும் படங்கள்! நான் வாய்விட்டு "ஐயோ!" என்று கத்திவிட்டேன். லண்டனில், ஒரு மியூசியத்துக்குள், ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில். முன்னால் நின்ற பெண்மணி வெடுக்கென்று திரும்பினார். அவர் வாயும் திறந்துதான் இருந்தது என்பதால் கோபித்துக்கொள்ளவில்லை.

இருங்கள், சொல்லும்போதே மூச்சு வாங்குகிறது, ஒழுங்காகச் சொல்கிறேன்.

லண்டன் ஹோபர்ன் ஸ்டேஷனில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்று மரம் அடர்ந்த பெரிய சதுக்கம் ஒன்று வரும். அதன் வடக்குப் பக்கத்தில் 13-ஆம் எண் வீடு. சர் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் தனக்காகத் தானே கட்டி, இடித்து, மறுபடி கட்டி, சாகும்வரை மாற்றிக்கொண்டே இருந்த வீடு. அவர் 1837-இல் காலமானார். அதற்கு முன்பே, 1833-இல், நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவந்து, 'என் வீட்டை நான் விட்டபடியே வையுங்கள்' என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அந்தப் புண்ணியத்தில் இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம். கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒன்றுமில்லை! காலணா கிடையாது! ஒரு தேநீருக்கே நாலு பவுண்டு கேட்கிற ஊரில்!

நான் கட்டடக் கலைப் பைத்தியமெல்லாம் இல்லை. என்னை அங்கே துரத்தியது எங்கள் வீட்டில் இருந்த ஓர் உருப்படாத அறை. இங்கிலாந்தில் 1930-களில் கட்டிய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், 'பாக்ஸ் ரூம்' என்ற பெயரைக் கேட்டதுமே பெருமூச்சு விடுவார்கள். மூன்று படுக்கையறை வீடு என்று ஏஜென்ட் பெருமையாகச் சொல்லுவார், மூன்றாவது அறைக்குள் நுழைந்தால் ஏழடிக்கு ஆறரை அடி. போதாததற்கு ஒரு மூலையில் தொடை உயரத்துக்கு ஒரு திண்டு புடைத்துக்கொண்டு நிற்கும். கீழிருந்து மாடிப்படி ஏறுகிறவர் தலை இடிக்காமல் இருக்க விட்ட இடம்தான் இந்த அறைக்குள் திண்டாக முளைத்திருக்கிறது. படிக்கு மேலே 2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது இங்கத்திய கட்டட விதி, அதனால் அதை வெட்டித் தள்ளவும் முடியாது. இங்கிலாந்தில் பலர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் உரிம வீடுகளில், 6.51 சதுர மீட்டருக்குக் குறைந்த அறையைப் பெரியவர் ஒருவர் தூங்கக் கொடுக்கக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. எங்களுடையது நாலே கால் சதுர மீட்டர்கூட வராது! ஆள் தூங்க லாயக்கில்லை, கட்டில் போட்டால் கதவு திறக்காது. இஸ்திரி மேசை, பெட்டிகள், 'எப்பவாவது தேவைப்படும்' சாமான்கள் எல்லாம் அங்கே போய்ச் சமாதியாகிவிட்டன. "சோன் வீட்டைப் போய்ப் பார்த்துட்டு வா, அப்புறம் இடம் இல்லைன்னு பேசு" என்றார் நண்பர் ஒருவர். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சோன் யார் என்று ரெண்டே வரி. கொத்தனார் மகன். பிறந்தது 1753. உழைத்து உழைத்து மேலே வந்து 1788-இல் இங்கிலாந்து வங்கியின் கட்டடக் கலைஞராகி, நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தவர். 1792-இல் 12-ஆம் எண் வீட்டை வாங்கினார், பிறகு பக்கத்து 13, அதற்கும் பிறகு 14. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள்தான். வெளிச்சம் வர முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, அவ்வளவுதான் வழி. இந்த மனிதர் என்ன செய்தார்? பின்னால் இருந்த குதிரை லாயங்களையும் இடித்துவிட்டு அங்கேயும் கட்டினார். அதாவது தன் வீட்டுப் பின்பக்க வெளிச்சத்தைத் தானே அடைத்துக்கொண்டார். இனி எங்கிருந்து வெளிச்சம் வரும்? மேலே இருந்து! கூரையில் கண்ணாடி வைத்தார். வெறும் கண்ணாடி இல்லை, மஞ்சள் பூசினாற்போன்ற கண்ணாடி. வெளியே லண்டன் வானம் சாம்பல் நிறத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும், நீங்கள் உள்ளே நின்றால் எப்போதும் சாயங்கால வெயில்!

கற்பனை செய்து பாருங்கள். உள்ளே நுழைந்ததும் சாப்பாட்டு அறையும் நூலகமும் சேர்ந்த ஒரு கூடம், சுவரெல்லாம் அடர் சிவப்பு. புத்தக அலமாரிக்கு மேலே, கூரை வரைக்கும் உள்ள இடைவெளியில் நாம் என்ன வைப்போம்? பழைய சூட்கேஸ். சோன் அங்கே கண்ணாடியைப் பதித்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் கூரை அலமாரியைத் தாண்டி அந்தப் பக்கமும் ஓடுகிறது, அங்கே இன்னோர் அறை இருக்கிறது என்று மூளை சத்தியம் செய்கிறது! இல்லை என்று தெரிந்தும் எட்டிப் பார்த்தேன். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பக்கம் யாரு வீடுடா?" என்றாள்.

அங்கிருந்து பின்பக்கம் போக ஒரு வழி. நாமாக இருந்தால் அதை நடை என்று சொல்லிச் செருப்பு ஸ்டாண்டைப் போட்டு முடித்திருப்போம். சோன் அந்த ஒடுங்கிய நடையில்தான் தன் படிப்பறையை வைத்திருக்கிறார், அதை ஒட்டி உடை மாற்றும் அறையையும். ஓர் ஆள் உட்கார மேசை, தலைக்கு மேலே சுவர் தெரியாமல் ரோமாபுரிக் கல் துண்டுகள், பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே குட்டி முற்றம். வங்கி கட்டிய மனிதர், ராஜாக்களோடு பழகிய மனிதர், இரண்டு கையையும் நீட்டினால் சுவரில் இடிக்கிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்! எனக்கு அப்படியே புல்லரித்துவிட்டது. பின்னால் வந்தவருக்கு வழி விட நான் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது உண்மைதான், அதெல்லாம் ஒரு குறையா!

அடுத்து காலை உணவு அறை. இதைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன், வீட்டில் ஏற்கெனவே பேசி எல்லாரும் ஓடுகிறார்கள். சின்ன அறைதான். நடுவில் ஒரு மேசையைப் போட்டால் நிறைந்துவிடும். ஆனால் மேலே பாருங்கள், ஒரு தட்டையான குவிமாடம், அது சுவரைத் தொடவில்லை! தலைக்கு மேல் ஒரு பந்தலைப் போல நிற்கிறது. அந்தப் பந்தலுக்கும் சுவருக்கும் நடுவே விட்ட இடைவெளியில், நம் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், கூரைக் கண்ணாடி. அங்கிருந்து வெளிச்சம் சுவரில் வழிந்து இறங்குகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால் அறை எங்கே முடிகிறது என்றும் தெரியவில்லை. போதாதென்று குவிமாடத்தின் மூலைகளிலும் விளிம்புகளிலும் குட்டிக் குட்டியாகக் குவிந்த கண்ணாடிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் முழு அறையும் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது, அதற்குள் நானும் அம்மாவும் மணியளவில்! நான் ஒன்றில் கை ஆட்டினேன், இன்னொன்றிலும் கை ஆடியது, திரும்பினால் எனக்குப் பின்னாலும் ஒரு நான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவன் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். அந்த அறைக்குள் போனால் நீங்களும் ஆட்டுவீர்கள்.

பின்பக்கம் போனால் மேலே குவிமாடம், கீழே பாதாள அறை, நடுவில் தரையையே திறந்து விட்டிருக்கிறார். எட்டிப் பார்த்தால் கீழே முதலாம் சேத்தி என்ற எகிப்திய மன்னரின் கல் சவப்பெட்டி! 1817-இல் பெல்சோனி என்பவர் மன்னர்களின் பள்ளத்தாக்கில் கண்டெடுத்தது. பிரிட்டிஷ் மியூசியம் விலை கட்டுப்படியாகாது என்று கைவிட, 1824-இல் நம்ம ஆள் 2,000 பவுண்டு கொடுத்து வாங்கிவிட்டார். ஒரே கல்லில் குடைந்த இவ்வளவு பெரிய சாமான் வாசல் வழியே நுழையுமா? பின்சுவரை இடித்து உள்ளே இறக்கினார்! அடுத்த ஆண்டு விளக்கேற்றி வைத்து, மூன்று மாலைகள் ஊரைக் கூட்டி விருந்து வைத்தார். நான் ஒரு சோபா வாங்கிவிட்டு அது படியில் திரும்பவில்லை என்று கடைக்கே திருப்பி அனுப்பியவன். இந்த மனிதரைக் கும்பிடாமல் எப்படி இருப்பது!

இப்போது படங்கள் மாட்டிய அந்த அறைக்கு வருகிறேன். நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீளம் 13 அடி 8 அங்குலம், அகலம் 12 அடி 4 அங்குலம். நம்ம ஊர் அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறை அளவு, அவ்வளவே. அதில் 118 படங்கள்! ஹோகார்த் வரைந்த எட்டுப் படத் தொடர் ஒன்று, நாலு படத் தேர்தல் தொடர் ஒன்று, பிரனேசியின் கோட்டோவியங்கள், சோனின் கட்டடங்களையே வரைந்த படங்கள். 45 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கூடத்தில் மாட்டக்கூடியதை இதற்குள் மாட்டலாம் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். பெருக்கிப் பாருங்கள், ஐந்து மடங்குக்கும் மேல்! எப்படி? சுவருக்குக் கீல் போட்டுவிட்டார். அவ்வளவுதான் ரகசியம். முதல் சுவர் திறந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன், அடக்க முடியவில்லை. ஆனால் அதோடு முடியவில்லை. காவலர் நிதானமாகத் தெற்குப் பக்கம் நடந்தார், எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார், அவர் இதை எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பாரோ, ஆனாலும் அந்த முகத்தில் இனிப்பு டப்பாவை ஒளித்து வைத்திருக்கும் தாத்தாவின் குறும்பு. அந்தச் சுவரைத் திறந்தார், உள்ளே படம், சரி, இதுவும் அப்படித்தான் என்று நான் தலையாட்டும்போதே அந்த உள்சுவரையும் பிடித்துத் திறந்தார், அங்கே சுவரே இல்லை! பகீரென்றது எனக்கு! அறையின் ஒரு பக்கம் முழுவதும் காணாமல் போய், எதிரே வெளிச்சம், வண்ணக் கண்ணாடி ஜன்னல், ஆடை நழுவ நிற்கும் ஒரு தேவதைச் சிலை, எட்டிப் பார்த்தால் காலுக்குக் கீழே இன்னொரு தளம், துறவி ஒருவர் வாழ்வதாகச் சோன் விளையாட்டுக்குக் கற்பனை செய்து வைத்த கீழறை. பதிமூன்றடி அறைக்குள் நின்றிருந்தவன் ஒரு நொடியில் மாடத்தின் விளிம்பில் நிற்கிறேன். என்ன செய்தேன் தெரியுமா? கை தட்டிவிட்டேன். பலமாக! பக்கத்தில் இருந்தவரும் தட்டினார், அப்புறம் எல்லாருமே தட்டினோம், ஒரு கீலுக்கு! வெட்கமில்லாமல் வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு வந்து அடுத்த கும்பலோடும் நின்றேன். காவலர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு புருவத்தைத் தூக்கினார். பிறகு முன்னைவிட மெதுவாகத் திறந்தார், மவராசன்!

"இவ்வளவு சாமானையும் யாருடா தூசி தட்டுறது?" என்றாள் அம்மா. வீடு முழுக்கக் கல்லும் சிலையுமாக இண்டு இடுக்கு விடாமல் அடைந்திருப்பது நிஜம்தான். யாருக்காவது மூச்சு முட்டினால் நான் தப்புச் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சு அத்தோடு போதும்.

ஏனென்றால் விஷயம் சாமானில் இல்லை. சுவரை நாம் அறையின் முடிவு என்று நினைக்கிறோம். சோன் அதனிடமும் வேலை வாங்கினார். சுவரைக் கதவாக்கினார், கூரையை ஜன்னலாக்கினார், நடையை அறையாக்கினார், எட்டாத உயரத்தைக் கண்ணாடியாக்கினார். இடம் போதவில்லை என்று புலம்புவதற்கு முன், இருக்கிற ஒவ்வொரு அங்குலமும் சம்பளத்துக்கு வேலை செய்கிறதா என்று கேட்க வேண்டும். எங்கள் பாக்ஸ் ரூமில் தரை மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது, பாவம்!

திரும்பி வரும் ரயிலிலேயே ஒரு ரசீதின் பின்பக்கம் படம் போட ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் டேப்பை எடுத்தேன். முதலில் கதவு. இரண்டரை அடிக் கதவு உள்பக்கமாகத் திறக்கும்போது தரையில் கால்வட்டம் போடுகிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஐந்து சதுர அடி! மொத்தமே நாற்பத்தைந்தரை சதுர அடி அறையில் ஒன்பதில் ஒரு பங்கைக் கதவு தின்றுகொண்டிருக்கிறது, யாரும் கேட்கவில்லை! அதைக் கழற்றி, வெளிப்பக்கச் சுவரோடு நகர்கிற தள்ளு கதவாக மாற்றினோம். கதவுக்கு மேலே இருந்த பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டதும் அறை வெளிச்சம் மாடிப்படிக்கும் போய்விட்டது. பகலில் படியேற விளக்கே போடுவதில்லை இப்போது!

அப்புறம் சுவர். என் சுவர்! நீளமான சுவரில் ஆறு அங்குல ஆழத்துக்குத் தரையிலிருந்து தட்டுகள் அடித்தோம். ஆறு அங்குலம் எதற்குப் போதும் என்று கேட்காதீர்கள், நம்ம நாவல்கள் பல ஐந்தரை அங்குல அகலம்தான், கச்சிதமாக உட்காரும். அதற்கு முன்னால் பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆறடி உயரப் பலகை ஒன்று, ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாகப் பியானோ கீல். மறுபக்க அடியில் ஒரு குட்டிச் சக்கரம், அது இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் பலகை சரிந்துவிடும் என்று தச்சர் சொல்லிவிட்டார். இங்கே உள்சுவர்கள் பல இடத்தில் வெறும் ஜிப்சம் பலகை. பின்னால் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டித் தட்டிக் கண்டுபிடித்து அதில்தான் திருகு இறக்க வேண்டும். தச்சர் தட்ட, நான் காதை வைத்துக் கேட்க, 'டொக்' என்று மாறும் இடத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம் பாருங்கள், அந்த ஆனந்தம்! பலகையின் முகத்தில் அம்மாவின் தையல் சாமான்கள், கத்திரி, நூல்கண்டு வரிசை. முதுகில் இஸ்திரி மேசையும் இரண்டு மடக்கு நாற்காலியும். திறந்தால் உள்ளே புத்தகம். மூன்று அடுக்கு! தட்டுகளுக்கு மேலே கூரைவரை கண்ணாடிப் பட்டை, அது சோனுக்கு நான் செலுத்திய காணிக்கை.

சபிக்கப்பட்ட அந்தத் திண்டு? மேலே நல்ல பலகை போட்டு, மெத்தை தைத்துப் பரப்பி, ஏற ஒரு சின்னப் படியும் வைத்தோம். அம்மா ஏறி உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள், காலை நீட்டினாள், ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். "நம்ம வீட்டுத் திண்ணை மாதிரி இருக்குடா" என்றாள். அவ்வளவுதான், அறை அவளுடையதாகிவிட்டது. மூலையில் சாமி படம் வந்துவிட்டது, தையல் மிஷின் வந்துவிட்டது, மத்தியானம் மூன்று மணிக்கு அங்கிருந்து கடகடவென்று சத்தம் வருகிறது. நான் புத்தகம் எடுக்கப் போனால் "கதவைத் தட்டிட்டு வா" என்கிறாள். என் வீட்டில், என் சுவருக்கு, நான் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது!

வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறேன். பாய்லர் பார்க்க வந்தவருக்குக் காட்டினேன். பார்சல் கொண்டுவந்த பையனைக்கூட மாடிக்குக் கூப்பிட்டிருப்பேன், மனைவி முறைத்ததால் விட்டேன். அந்தக் காவலர் போலவே மெதுவாக, ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திறப்பது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். லண்டன் பக்கம் வந்தால் ராட்சத ராட்டினத்தையும் அரண்மனையையும் அப்புறம் பாருங்கள், முதலில் ஹோபர்னில் இறங்குங்கள். வரிசை நின்றால் நில்லுங்கள், பெரிய பை கொண்டுபோகாதீர்கள், படங்கள் மாட்டிய அறையில் கும்பல் சேரும் வரை காத்திருந்து சுவரைத் திறக்கச் சொல்லுங்கள், இரண்டாவது சுவர் திறக்கும்வரை நகராதீர்கள்! லண்டன் வர வாய்ப்பில்லையா, பரவாயில்லை, படிக்கட்டின் அடியிலோ சமையலறைக்குப் பின்னாலோ உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமே, ஒரு மாதிரியான அறை, கதவைச் சாத்தி வைத்திருப்பீர்களே, அதற்குள் இப்போதே ஒரு டேப்போடு போங்கள். தரையை விட்டுவிடுங்கள். சுவரைத் தட்டுங்கள், கூரையைப் பாருங்கள், கதவு எவ்வளவு தின்கிறது என்று அளந்து பாருங்கள். அளந்ததும் எனக்குச் சொல்லியனுப்புங்கள், கீல் எந்த அளவு வாங்க வேண்டும் என்று நானே சொல்கிறேன், நடுராத்திரி ஆனாலும் சரி!